ரஜாவும் ஆள் குறைவும்

சென்ற வாரம் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். ஒரே கடையில் ஒன்பது வருஷமாக நின்றுகொண்டு துணி விரித்துக் காட்டி வருகிறவர். கிராமத்திலிருக்கும் அவருடைய தாயாருக்குக் கண்ணில் புரை முற்றி, அதை எடுத்துவிட வேண்டுமென்று வைத்தியர் நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார். அதற்காக அவர் ஐந்து நாள் ரஜா கேட்டாராம். "ஆள் இல்லையப்பா, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார்களாம். அடுத்த மாதம் கேட்டதற்கு, "முகூர்த்த மாதத்திலா லீவு கேட்கிறாய்?" என்றார்களாம். மூன்றாம் மாதம் கேட்டதற்கு, "இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், நீயும் போனால் கடையைப் பூட்டிவிடுவதா?" என்றார்களாம். இப்படி மூன்று தடவை நாள் தவறியதில், பார்வை மங்கிய அந்த அம்மாள் ஒரு நாள் மாலை வாசற்படியில் இடறி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து இப்போது படுக்கையிலிருக்கிறார். "இப்போது லீவு கொடுத்துவிட்டார்கள் ஐயா, சம்பளப் பிடித்தத்தோடு" என்று அவர் சொன்னபோது நமக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று மாதத்திற்குள்ளாகவே முதலாளி குடும்பத்தார் திருப்பணி செய்த ஒரு கோவிலின் கும்பாபிஷேகத்திற்காக அக்கடை இரண்டு நாள் அடைக்கப்பட்டிருக்கின்றது. சிப்பந்திகள் அத்தனை பேரும் பந்தி பரிமாற வண்டியேற்றிக் கொண்டு போகப்பட்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஆள் குறைவு என்கின்ற பேச்சே எழவில்லை. கல்லுக்குத் தண்ணீர் ஊற்றக் கடையை அடைக்கலாம். தாயின் கண்ணைத் திறக்க ஒரு ஆளை அனுப்ப முடியாது என்றால், இதை என்ன நியாயமென்று சொல்லுவது?

அந்தக் கடையின் பெயரை நாம் இங்கு எழுதப் போவதில்லை. எழுதவேண்டிய அவசியமுமில்லை. ஏனெனில் இது ஒரு கடையின் கதையன்று. மில்லிலும், அச்சாபீசிலும், பஸ் டெப்போவிலும், ஆஸ்பத்திரியிலும், கணக்காபீசிலும் ரஜா கேட்டவனுக்குக் கிடைக்கும் பதில் இந்த இரண்டு வார்த்தைதான். "ஆள் இல்லை." இதைக் கேட்டவுடன் தொழிலாளி ஏதோ மழை பெய்யாததற்கு யாரையும் கேட்க முடியாது என்பதுபோல் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுகின்றான். ஆள் குறைவு என்பது ஆகாயத்திலிருந்து விழுந்ததா, அல்லது ஒருவர் போட்ட கணக்கால் வந்ததா என்று கேட்பதே நமது வேலை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கடையில் 24 பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு வருஷத்தில் 12 நாள் சம்பளத்தோடு ரஜா என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 288 நாள் ஆகின்றது. இது ஏறக்குறைய ஒரு மனிதன் வருஷம் முழுவதும் வேலை செய்யும் நாட்களின் அளவு. ஆகவே 24 பேருக்கு வேலையுள்ள கடைக்கு 25 பேர் வேண்டுமென்பது ஜனவரி முதல் தேதியன்றே தெரிந்த விஷயம். இதற்கு ஜோசியமும் வேண்டாம், பஞ்சாங்கமும் வேண்டாம். இந்த 25-வது ஆளை வைக்காமல் விட்டுவிட்டு, அவனுக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, பிறகு ரஜா கேட்கிறவனைப் பார்த்து "ஆள் இல்லை" என்பது, தானே கிணற்றைத் தூர்த்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்பதற்குச் சமானமாகும்.

லாரி வைத்திருக்கும் முதலாளி ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை வெளியூருக்கு அனுப்புவாரா? டயர் ஒரு நாள் பஞ்சராகும் என்பது அவருக்குத் தெரியும். மனிதனும் ஒரு நாள் களைப்பான், அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அவன் தங்கைக்குக் கலியாணம் நடக்கும் என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? ரப்பருக்குக் காட்டும் யோசனையை ரத்தமும் சதையுமுள்ள மனிதனுக்குக் காட்டக் கூடாதா என்று கேட்கின்றோம்.

இனி, சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1947-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டு, இன்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று வழங்கும் சட்டப்படி, ஒரு ஸ்தாபனத்தில் தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை உண்டு. எடுக்காத நாட்களை 24 வரை சேர்த்து வைக்கலாம். இதல்லாமல் நோய்க்கு 12 நாளும், தகுந்த காரணங்களுக்குத் தற்செயல் ரஜா 12 நாளும் வரை உண்டு. மேலே சொன்ன ஜவுளிக்கடைத் தோழர் ஒன்பது வருஷத்தில் இதை ஒரு தடவையும் கேள்விப்பட்டதில்லையாம்!

தொழிற்சாலைகளுக்கு 1948-ஆம் வருஷத்துச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாள் வேலைக்கு 1 நாள் வீதம் ரஜா என்று விதித்தது. அதன் இடத்தில் 2020-இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வருவதாக இந்திய சர்க்கார் அறிவித்த சட்டத் தொகுப்பு, அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்தது. 20-க்கு 1 என்னும் விகிதம் மாறவில்லை. இந்த விகிதத்திலேயே நமது கணக்கும் அடங்கியிருக்கின்றது. 20 நாளுக்கு 1 நாள் என்றால், 20 ஆளுக்கு 1 மாற்றாள் என்றுதானே அர்த்தம்? ஆகவே ரஜாவைச் சட்டம் கொடுத்தபோதே மாற்றாளையும் சேர்த்தே கொடுத்துவிட்டது. முதலாளிகள் சட்டத்தின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு மறு பாதியைப் படிக்காதவர்போல் நடிக்கிறார்கள்.

நாம் ஒருதலையாகப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே நாளில் போய்விட்டால் வேலை நடவாது என்பது உண்மையே. ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு நர்சுகள் அத்தனை பேரும் தீபாவளிக்குப் போக முடியாது. மின்சார நிலையத்தையும் குடிநீர்க் குழாயையும் பொங்கலுக்கென்று நிறுத்திவிட முடியாது. இதை 1948-ஆம் வருஷத்துச் சட்டமும் ஒப்புக்கொண்டது. எப்படியெனில், வேலை தடைப்படாதிருக்க யார் எப்போது ரஜா எடுப்பது என்று நிர்வாகியும் தொழிலாளர் பிரதிநிதிகள் அடங்கிய கமிட்டியும் கலந்து ஒரு திட்டம் செய்துகொள்ளலாம் என்றும், முறைப்படி கேட்ட ரஜாவை அத்திட்டப்படியன்றி மறுக்கக் கூடாதென்றும் அது சொல்லிற்று. எடுக்காத ரஜாவை 30 நாளுக்கு மேல் அடுத்த வருஷத்திற்குக் கொண்டுபோக முடியாதென்று எல்லை கட்டிய அச்சட்டமே, கேட்டு மறுக்கப்பட்ட ரஜாவுக்கு அந்த எல்லை இல்லையென்றும் சொல்லிற்று. புதிய தொகுப்பும் அவ்வாறே சொல்லுகின்றது. இதன் கருத்து என்ன? "எப்போது" என்பதைப் பற்றிப் பேசலாம். "உண்டா, இல்லையா" என்பதைப் பற்றிப் பேச்சில்லை என்பதேயாகும்.

இந்த ஓய்வும் யாரும் மனமிரங்கிக் கொடுத்த தர்மமன்று. பம்பாயில், ஜோதிராவ் பூலேயின் சத்திய சோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே 1884-இல் மில் கூலிகளைத் திரட்டி வாரத்திற்கு ஒரு நாள் ஓய்வு கேட்டார். 1890-இல்தான் மில் முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தார்கள். சென்னையில் 1923-இல் தோழர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி, அந்நாளை விடுமுறையாக்க வேண்டுமென்று கேட்டார். பிரான்சில் 1936-இல் பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பிறகே வருஷத்திற்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு ரஜா சட்டமாயிற்று. ஐக்கிய நாடுகள் சபை 1948-இல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவு, சம்பளத்தோடு கூடிய விடுமுறையை மனிதனின் உரிமை என்றே எழுதி வைத்தது. வாரத்தில் ஒரு நாள் மூடியதால் பம்பாய் மில்கள் அழிந்துவிடவில்லை. இரண்டு வாரம் கடற்கரைக்குப் போனதால் பிரெஞ்சுக்காரன் பிச்சை எடுக்கவுமில்லை.

நிற்க, முதலாளியை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் நாம் யோக்கியமாக எழுதியவர்களாக மாட்டோம். தொழிலாளர் பக்கத்திலும் குறையுண்டு. முதலாவது, நேராகக் கேட்டால் கிடைக்காதென்று பொய் சொல்லிக் கேட்கும் வழக்கம். ஒரே பாட்டியை மூன்று தடவை சாகடித்தவர்களை நாம் அறிவோம். உரிமையைப் பொய் சொல்லி வாங்குகிறவன், அது தன் உரிமையல்ல என்று தானே சாட்சி சொல்லுகின்றான். இரண்டாவது, "நான் பத்து வருஷமாக ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை" என்று பெருமையடிக்கும் வழக்கம். இப்பெருமை அடுத்தவன் கழுத்துக்குக் கயிறாகின்றது, "அவனால் முடிகிறது, உன்னால் முடியாதா?" என்று கேட்க அது முதலாளிக்கு ஆயுதமாகின்றது. மூன்றாவது, "உப்பைத் தின்ற விசுவாசம்", "நம் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு இருந்துவிடுவது. உப்பு முதலாளியுடையதல்ல, நீர் செய்த வேலைக்கு வந்த கூலியில் நீர் வாங்கிய உப்பு. தலையில் எழுதியது ஒன்றுமில்லை. ரஜா எழுதியிருப்பது சட்டத்தில், அதை எடுத்துப் படிக்காததுதான் குறை.

ஆகவே நாம் சொல்லும் யோசனை இதுதான். வருஷ ஆரம்பத்திலேயே ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள் கூடி உட்கார்ந்து, யாருக்கு எந்த மாதம் அவசியம் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் போக வேண்டியவரின் வேலையை ரம்ஜானுக்கும் கிறிஸ்துமசுக்கும் போக வேண்டியவர் பார்க்கட்டும். அவர் முறை வரும்போது இவர் பார்க்கட்டும். பண்டிகையே வேண்டாதவர் இருவருக்கும் உதவட்டும். ஜாதியும் மதமும் பிரித்து வைத்த மனிதர்களை ஒரு ரஜாப் பட்டியல் சேர்த்து வைக்குமானால் அதுவும் லாபம்தானே? அப்பட்டியலை முதலாளியிடம் எல்லோருமாகச் சேர்ந்து கொடுங்கள். தனியே ஒருவன் கேட்டால் அது கெஞ்சலாகத் தோன்றும். பத்துப் பேர் பட்டியலோடு போனால் அது ஏற்பாடாகிவிடும்.

ரஜாவை வாயால் கேளாதீர்கள், எழுதிக் கேளுங்கள். 1948-ஆம் வருஷத்துச் சட்டம் 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்கச் சொன்னது. அது எங்கும் நல்ல வழக்கமே. பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். முடியாது என்றால் காரணத்தையும், வேறு எந்தத் தேதியில் முடியும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் "ஆள் இல்லை" என்பது எளிது. அதையே மூன்று தடவை காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட எந்த நிர்வாகியும் கொஞ்சம் யோசிப்பார். அதற்கும் மசியாவிட்டால் தொழிற்சங்கமும், தொழிலாளர் இலாகா அதிகாரியும் இருக்கிறார்கள். அந்தக் காகிதங்களே அங்கு உங்களுக்காகப் பேசும்.

கடைசியாக ஒன்று. ரஜா கிடைத்து வீட்டுக்குப் போகும் தோழர், தன் வீட்டில் வருஷம் 365 நாளும் ரஜாவே இல்லாமல் அடுப்படியில் நிற்கும் மனைவியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தாம் வீட்டிலிருக்கும் நாளில் அந்த அம்மாளுக்கு இரண்டு வேளைச் சமையல் அதிகமாகின்றதேயொழிய ஓய்வு கிடைப்பதில்லை. "வீட்டில் வேறு ஆள் இல்லையே" என்று அவர் சொல்லுவாரானால், அதைத்தானே முதலாளியும் சொன்னார்? தமக்கு ஒரு நியாயம், மனைவிக்கு ஒரு நியாயம் என்று வைத்திருப்பவர் முதலாளியிடம் எந்த முகத்தோடு நியாயம் கேட்க முடியும்?

அந்த ஜவுளிக்கடைத் தோழரின் தாயாருக்கு நடந்ததை இனி மாற்ற முடியாது. ஆனால் அதே கடையில் இன்னும் இருபத்துமூன்று பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் தாயார்கள் இருக்கிறார்கள். நம்மிடமிருந்து போகும்போது அத்தோழர் ஒரு வெள்ளைக் காகிதத்தில் சட்டத்தின் அந்தப் பிரிவை எழுதி வாங்கிக்கொண்டு போனார். அதை மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். வாசித்துக் காட்டட்டும், இதைப் படிக்கும் ஒவ்வொரு தோழரும் தம் தம் இடத்தில் அப்படியே செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.