பெத்னல் கிரீனின் மரணக் கணக்கு

45, 26, 16. இந்த மூன்று எண்களும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை. லண்டன் மாநகரின் கிழக்கே பெத்னல் கிரீன் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அங்கே இறந்தவர்களின் சராசரி வயது கனவான்கள் குடும்பங்களில் 45. வியாபாரிகள் குடும்பங்களில் 26. தொழிலாளிகள், வேலைக்காரர்கள், கூலிகளின் குடும்பங்களில் 16. இந்தக் கணக்கைத் தயாரித்தவர் எந்தப் புரட்சிக்காரருமல்ல. சர்க்கார் உத்தியோகஸ்தரான எட்வின் சாட்விக் 1842ல் வெளியிட்ட சுகாதார அறிக்கையில் இது அச்சாகியிருக்கிறது.

ஒரே பனி, ஒரே மழை, ஒரே விக்டோரியா ராணியின் ஆட்சி. ஆனால் சாவு மட்டும் ஆள் பார்த்து, அந்தஸ்து பார்த்து வந்திருக்கிறது. இது ஏன்? அன்று ஆண்டவர்கள் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார்கள்? எந்தப் பதிலைச் சொல்லாமல் மறைத்தார்கள்? மரணக் கணக்கு என்பது வரட்டு எண்களின் கூட்டம் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை அறிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒரு எச்சரிக்கை. 16 என்ற எண்ணை மேடையில் வீசுவதற்கு முன்னால் அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தொழிலாளி பதினாறு வயதில் செத்து விழுந்தான் என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு வீட்டில் அறுபது வயதுக் கிழவர் ஒருவர், ஒரு வயதுக் குழந்தை ஒன்று, ஆறு மாதக் குழந்தை ஒன்று, ஆக மூன்று பேர் இறந்தால் சராசரி ஏறக்குறைய 20 என்று வரும். ஆனால் அந்த வீட்டில் இருபது வயதில் யாருமே சாகவில்லை. சராசரியைக் கீழே இழுத்தவை தொட்டிலில் செத்த குழந்தைகள். மேலும், குழந்தைகள் அதிகமாக உள்ள இடத்தில் இந்தச் சராசரி எப்படியும் குறைவாகவே வரும். நீசன் என்ற கணக்கு நிபுணர் 1844லேயே இதை எடுத்துக் காட்டி சாட்விக்கைக் கண்டித்தார். அவருடைய ஆட்சேபம் நியாயமானது. நம்முடைய வாதம் பொய்க் காலில் நிற்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே அதை ஒப்புக்கொள்வோம்.

சரி, வேறு விதமாக எண்ணிப் பார்ப்போம். உயிரோடு இருப்பவர்களில் எத்தனை பேருக்கு ஒருவர் வீதம் ஆண்டுதோறும் இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் வித்தியாசம் மறைந்துவிடுகிறதா? மான்செஸ்டரை ஒட்டிய சார்ல்டன் என்ற புறநகரில் டாக்டர் ஹாலண்ட் என்பவர் இதைத்தான் செய்தார். தெருக்களை மூன்று தரமாகவும், வீடுகளை மூன்று தரமாகவும் பிரித்தார். முதல் தரத் தெருவில் முதல் தர வீட்டில் வாழ்ந்தவர்களில் 51 பேருக்கு ஒருவர் ஆண்டுதோறும் இறந்தார். மூன்றாம் தரத் தெருவில் மூன்றாம் தர வீட்டில் வாழ்ந்தவர்களில் 25 பேருக்கு ஒருவர் இறந்தார். ஒரே புறநகருக்குள் சாவு இரண்டு மடங்கு! இந்தக் கணக்கை எங்கெல்ஸ் தமது இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கம் பற்றிய நூலில் எடுத்தாண்டு, 1845ல் உலகத்தின் முன் வைத்தார். சராசரி என்ற திரையைக் கிழித்து, தெருத் தெருவாக எண்ணினால் உண்மை வெளியே வரும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

இப்போது பெத்னல் கிரீனுக்குத் திரும்புவோம். அங்கே வாழ்ந்தவர்கள் யார்? பெரும்பாலோர் பட்டு நெசவாளிகள். கூலிக்காகப் போராடிய பரம்பரை அவர்களுடையது. 1769ல் இரண்டு நெசவாளிகளைப் பெத்னல் கிரீனிலேயே, ஜனங்களின் கண் முன்னால் தூக்கிலிட்டார்கள். போராட்டம் அதோடு நிற்கவில்லை. 1773ல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சட்டம் வந்தது. நெசவுக் கூலியை மாஜிஸ்திரேட்டுகள் நிர்ணயிக்க வேண்டும், முதலாளி அதற்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று அது விதித்தது. அரை நூற்றாண்டு அந்தச் சட்டம் நெசவாளிக்குக் கவசமாக நின்றது. சுதந்திர வியாபாரம் என்ற பெயரால் 1824ல் அதை ரத்து செய்தார்கள். 1826ல் அந்நியப் பட்டுக்கு இருந்த தடையையும் நீக்கினார்கள். தறிக்காரனின் கூலி சரிந்தது. ரொட்டி சுருங்கியது. ஒரே அறையில் தறியும் அடுப்பும் படுக்கையும் என்றாகியது. சட்டம் ரத்தாகி இருபது ஆண்டு நிறைவதற்குள் சாட்விக் அங்கே கண்டெடுத்த எண்தான் 16.

ஆனால் சாட்விக்கின் அறிக்கை கூலியைப் பற்றிப் பேசியதா? இல்லை. சாக்கடையைப் பற்றிப் பேசியது. அழுக்கு, நாற்றம், தேங்கிய நீர் இவைதான் நோயை உண்டாக்குகின்றன. நோய்தான் வறுமையை உண்டாக்குகிறது என்று வாதித்தது. வறுமை நோயை உண்டாக்குகிறது என்பது தலைகீழாயிற்று!

காரணம் இருந்தது. 1834ல் வந்த ஏழைகள் சட்டத்தை நடத்திய கமிஷனின் காரியதரிசி இதே சாட்விக்தான். வேலையில்லாதவனுக்கு வீட்டில் உதவி கிடையாது, புருஷனையும் பெண்சாதியையும் பிள்ளைகளையும் தனித்தனியே அடைக்கும் ஏழை விடுதிக்கு வந்தால்தான் கஞ்சி என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். இங்கிலாந்தில் பிறப்பு இறப்பு ரிஜிஸ்தர் 1837 ஜூலை 1ந் தேதி தொடங்கியது. அந்த அலுவலகத்தில் கணக்கைத் தொகுத்தவர் வில்லியம் ஃபார் என்ற வைத்தியர். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் ஆறு மாதக் கணக்கில் 63 சாவுகளுக்குக் காரணம் பட்டினி என்று அவர் அச்சிட்டார். பட்டினி நேராகக் கொல்வது கொஞ்சம்தான், உடம்பை நோய்க்குத் திறந்துவிட்டுக் கொல்வதே அதிகம் என்றும் சுட்டிக் காட்டினார்.

சாட்விக் கொதித்தெழுந்தார். பட்டினிச் சாவு என்று அந்த 63 பேரை எழுதியது தவறு என்று வாதாடினார். ஏன் கொதிக்கமாட்டார்? ரிஜிஸ்தரில் பட்டினி என்று ஒரு வரி ஏறினால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அவருடைய சட்டமல்லவா? சாக்கடை என்று எழுதினால் மண்வெட்டியோடு காரியம் முடிந்துவிடும். கூலி என்று எழுதினால் முதலாளியின் பெட்டியைத் திறக்க வேண்டிவரும். சாவுக்கு எந்தக் காரணத்தை எழுதுவது என்ற தகராறு வெறும் வைத்தியத் தகராறு அல்ல என்பதை இதில் காணலாம்.

அடுத்து 1848ல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. அதில் ஒரு விசித்திரமான விதி. ஏழு ஆண்டுச் சராசரியில் ஆயிரம் பேருக்கு 23க்கு மேல் மரணம் இருந்தால், அந்த ஊரின் மீது சுகாதார போர்டைத் திணிக்கலாம். அப்படியானால் 23க்குள் இருந்தால்? வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் மனுக் கொடுக்கும் வரை அந்த ஊர் அப்படியே கிடக்கலாம். ஆரோக்கியமான ஜில்லாக்களில் ஆயிரத்துக்கு 17 பேர்தான் இறக்கிறார்கள், அதற்கு மேற்பட்ட சாவுகள் இயற்கையானவை அல்ல என்று ஃபார் கணக்குக் காட்டினார். 17க்கும் 23க்கும் இடையே ஆயிரத்துக்கு ஆறு உயிர். அந்த ஆறு உயிரையும் பார்லிமெண்ட் கனவான்கள் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். செத்தது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளல்ல. அதுகூடப் பெத்னல் கிரீனுக்குக் கிடைக்கவில்லை. லண்டன் மாநகரை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டார்கள்! அதே 1848ல் டாக்டர் ஹெக்டர் காவின் என்பவர் பெத்னல் கிரீனின் தெருக்களில் ஒவ்வொன்றாக நடந்து, கழிவு நீர் தேங்கி நின்ற இடங்களைப் புத்தகமாக எழுதி வெளியிட்டிருந்தார். தெரியாமல் விலக்கினார்கள் என்று சொல்ல முடியாது.

1866ல் காலரா வந்தது. லண்டனில் 5,596 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் கிழக்கு லண்டன் ஏழைகள். லண்டனுக்குப் பெரிய நிலத்தடிச் சாக்கடைகள் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. கிழக்குப் பகுதியில் வேலை இன்னும் முடியவில்லை. குடிநீரை விற்றதோ ஒரு தனியார் கம்பெனி. ஃபார் சாவுகளை இடம் இடமாகப் பிரித்துப் பார்த்தார். கிழக்கு லண்டன் நீர்க் கம்பெனி தண்ணீர் விட்ட எல்லைக்குள்தான் சாவு குவிந்திருந்தது. வடிகட்டாத தண்ணீர் ஒரு துளியும் விடவில்லை என்று கம்பெனியின் எஞ்சினீயர் பத்திரிகையில் எழுதினார். ஆனால் குழாயில் விலாங்கு மீன் வந்ததாக வீட்டுக்காரர்கள் சாட்சி சொன்னார்கள்! வடிகட்டிய தண்ணீரில் விலாங்கு எப்படி வரும்? திறந்து கிடந்த பழைய குளத்துத் தண்ணீரைக் கம்பெனி குழாயில் விட்டிருந்தது விசாரணையில் வெளியாயிற்று. கணக்கு நேர்மையாக இருந்தால் குற்றவாளியின் வாசல் வரை கொண்டுபோய் விடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி பெத்னல் கிரீனின் கடைசி அத்தியாயம். அதன் மேற்கு ஓரத்தில் பழைய நிக்கல் என்ற சந்து பொந்துக் குடியிருப்பு ஒன்று இருந்தது. சுமார் பதினைந்து ஏக்கரில் 5,719 பேர். பட்டுத் தறி அழிந்த பிறகு அந்தப் பக்கத்துப் பெண்களும் குழந்தைகளும் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டினார்கள். 144 பெட்டிக்குக் கூலி இரண்டேகால் பென்ஸ். பசையும் நூலும் அவர்கள் சொந்தச் செலவு. வட்டாரம் முழுவதற்கும் மரண விகிதம் ஆயிரத்துக்கு 22, 23 என்று இருந்தபோது நிக்கலில் அது 40. பிறந்த குழந்தைகளில் நான்கில் ஒன்று ஒரு வயது காணவில்லை.

1889ல் ஏற்பட்ட லண்டன் கவுண்டி கவுன்சில் நிக்கலை இடித்துத் தள்ளி, அகலமான தெருக்களும் காற்றோட்டமான கட்டிடங்களும் எழுப்பியது. 1900ல் இளவரசரே வந்து திறந்து வைத்தார். பொது ஸ்தாபனம் ஒன்று மக்களுக்கு வீடு கட்டியது நல்ல காரியம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 5,719 பேரில் எத்தனை பேர் புதிய வீடுகளில் குடியேறினார்கள் தெரியுமா? பதினோரு பேர்! வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. இடிந்த வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. குடியிருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு பக்கத்துச் சந்துகளுக்குப் போய், அங்கே இன்னும் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். 40 என்ற எண் அந்தப் பதினைந்து ஏக்கரை விட்டு அகன்றது. அங்கிருந்த மக்களோடு சேர்ந்து அகன்றது. நிலத்தின் கணக்கு சுத்தமாகியது. மனிதர்களின் கணக்கை யார் எழுதினார்கள்?

சாக்கடையும் குழாயும் உயிரைக் காக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். காத்தன. காலரா ஒழிந்தது, பொதுவான மரண விகிதமும் குறைந்தது. அந்த வேலையில் உழைத்த வைத்தியர்களையும் எஞ்சினீயர்களையும் மண் வெட்டிய தொழிலாளிகளையும் நாம் வணங்குகிறோம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. 1890களில், இத்தனை சாக்கடைகளுக்குப் பிறகும், இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 150க்கு மேல் ஒரு வயதுக்குள் மாண்டுகொண்டிருந்தன. தாய்க்குச் சாப்பாடும் ஓய்வும், குழந்தைக்குச் சுத்தமான பாலும் குழாய் வழியே வருவதில்லை. அவை கூலியின் வழியே வருகின்றன.

இதெல்லாம் விக்டோரியா காலத்தோடு போய்விட்டது என்று தேறுதல் கொள்ள வேண்டாம். 1980ல் பிரிட்டிஷ் சர்க்காரே நியமித்த பிளாக் கமிட்டி, அடிமட்டத் தொழிலாளி ஓய்வு வயதுக்கு முன்பே சாகும் அபாயம் மேல்தட்டினரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று கண்டது. அந்த அறிக்கையை ஒரு விடுமுறை நாளையொட்டி, 260 பிரதிகள் மட்டும் எடுத்து வெளியிட்டார்கள். எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு சிறியதாயிற்று பிரதி! 2010ல் மைக்கேல் மார்மட் தலைமையில் நடந்த ஆய்வு, இங்கிலாந்தின் மிக ஏழ்மையான வட்டாரங்களில் வாழ்பவர்கள், செல்வர் வட்டாரங்களில் வாழ்பவர்களை விடச் சராசரியாக ஏழு ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள் என்றது. 45க்கும் 16க்கும் இருந்த இடைவெளி சுருங்கியிருக்கிறது, மூடப்படவில்லை.

ஆகவே மரண விகிதம் குறைந்தது என்று யாராவது முழங்கும்போது நாம் சில கேள்விகளைக் கேட்போம். யாருடைய மரண விகிதம்? எந்தத் தெருவில், எந்தக் கூலி வாங்குபவர்களிடையே? சாவுக்கு எழுதிய காரணம் என்ன, எழுதாமல் விட்ட காரணம் என்ன? அங்கிருந்த மக்கள் பிழைத்தார்களா, அல்லது வேறிடத்துக்குத் துரத்தப்பட்டார்களா? இவற்றுக்குப் பதில் சொல்லாத சராசரியை நாம் ஏற்க வேண்டியதில்லை. பெத்னல் கிரீனின் தொட்டில்களில் மாண்ட குழந்தைகளுக்குப் பெயர் ரிஜிஸ்தரில் இருக்கிறது, வயது இருக்கிறது, நோய் இருக்கிறது. தகப்பனின் கூலி மட்டும் அதில் இல்லை. அந்த விடுபட்ட வரியை எழுதி முடிப்பது உழைக்கும் மக்களின் வேலை.