காலிப் பெட்டிக்கு என்ன விலை?



கீழப்பாவூரில் மின்சாமான்களும் ஒலிபெருக்கிச் சாமான்களும் மொத்தமாக வியாபாரம் செய்து வருகிறேன். சுற்று வட்டாரத்து மைக்செட் காரர்களும், வில்லிசைக் குழுவினரும், தேவாலயப் பாடகர் குழுவினரும் என் வாடிக்கையாளர்கள். புதுச் சரக்கோடு, பழையதை எடுத்துக்கொண்டு புதியது கொடுக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. சென்ற மாதம் சுரண்டைப் பக்கத்திலிருந்து ஒரு சில்லறை வியாபாரத் தம்பி கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, பழைய கீபோர்டு, ஆம்பிளிபயர் எடுக்கும்போது கம்பெனிப் பெட்டி இருந்தால்தான் எடுக்கணுமா? பெட்டி இல்லாட்டி எவ்வளவு குறைக்கலாம்?" என்று கேட்டார்.

சின்னக் கேள்விதான். ஆனால் உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இணையத்தில் பழைய பொருள் விற்பவர்கள் "பெட்டியுடன்" என்று போட்டு விலை கூட்டிக் கேட்கும் காலம் இது. ஆகவே நம் வியாபாரிகள் எல்லோரும் இதை ஒருமுறை யோசித்துப் பார்ப்பது நல்லது.

பெட்டி செய்யும் வேலை

முதலில் பெட்டியின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பெட்டி வெறும் அட்டை அல்ல. உள்ளே இரு முனையிலும் இருக்கும் தெர்மாகோல் அந்தப் பொருளின் வடிவத்துக்கென்றே வார்க்கப்பட்டது. அது பொருளைப் பிடித்து நடுவில் நிறுத்துகிறது. வெளி அட்டையில் விழும் அடி நேராகப் பொருளின் மேல் விழுவதில்லை. நாம் வேறு பெட்டியில் வைத்துப் பழைய செய்தித்தாளைத் திணித்து அனுப்பினால், லாரி நாலு ஊர் குலுங்குவதற்குள் தாள் அமுங்கி இடம் விட்டுவிடும். அப்புறம் பொருள் உள்ளேயே உருண்டு அடிபடும். ஆம்பிளிபயரில் டிரான்ஸ்பார்மர்தான் கனமான பாகம். தலைகீழாக ஒருமுறை விழுந்தால் அது அடித்தகட்டையே வளைத்துவிடும். கீபோர்டில் கட்டைகளும் ஓரத்துத் திருகு குமிழ்களும் முதலில் போகும்.

பழுது பார்க்கத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ அனுப்ப வேண்டி வந்தால் பெட்டியின் அருமை அப்போது தெரியும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 98-ஆவது பிரிவைப் பாருங்கள். கட்டுமானம் சரியில்லாத சரக்கு என்று அனுப்பும்போதே எழுதப்பட்டிருந்தால், வழியில் ஏற்படும் சேதத்துக்கு ரயில்வேயைப் பொதுவாகப் பொறுப்பாக்க முடியாது. லாரி பார்சல் ஆபீசிலும் கட்டுமானத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பவும் பல இடங்களில் அசல் பெட்டியைக் கேட்கிறார்கள். இதெல்லாம் உண்மை.

பெட்டியால் வரும் தொல்லை

இனி மறுபக்கம். நம் ஊர் வீடுகளில் ஐந்தடி நீளப் பெட்டி வைக்க இடம் ஏது? பரணில் ஏற்றினால் ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் அடிக்கும்போது அட்டை ஈரத்தை உறிஞ்சிப் பதமாகிவிடும். அப்புறம் கரையான். அதற்கப்புறம் எலி குட்டி போடும். பெட்டிக்காகப் பொருளை வைத்திருக்கிறோமா, பொருளுக்காகப் பெட்டியை வைத்திருக்கிறோமா என்று தெரியாமல் போய்விடும்.

இன்னொன்றையும் அனுபவத்தில் கண்டேன். கீபோர்டின் வயரைத் தெர்மாகோலில் படும்படி வருஷக்கணக்கில் வைத்திருந்தால், வயரின் பிளாஸ்டிக்கை மெதுவாக்கச் சேர்த்த பொருள் கசிந்து தெர்மாகோலைக் கரைக்கும். இரண்டும் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். பேட்டரிக் கட்டையை உள்ளேயே விட்டுப் பெட்டியில் போட்டு மூடினால் அது கசிந்து முனைகளை அரித்துவிடும். "புதுசு மாதிரி பெட்டியிலேயே இருக்கு" என்று கொண்டு வந்த பொருளில் இப்படிப் பாழானதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தினம் வாசித்த பொருள் நன்றாக இருந்தது. பூட்டி வைத்தது கெட்டிருந்தது.

நம்முடைய பழைய வாத்தியங்களைப் பாருங்கள். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளில் இருந்து எடுத்த ஆச்சா மரத்தில் கடைவது அது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-லேயே கிடைத்தது. அது பலா மரத்தில் செய்வது. இவற்றை வாங்குகிறவர் யாராவது செய்தவரின் அட்டைப் பெட்டி எங்கே என்று கேட்டதுண்டா? நாகசுரத்துக்கு ஒரு உறை, தவிலுக்கு ஒரு உறை, வீணைக்கு ஒரு பெட்டி. வாசிப்பவர் தினம் தூக்கிப் போக வசதியாகச் செய்துகொண்டவை அவை. விலை பேசும்போது ஊதிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், மீட்டிப் பார்ப்பார்கள். நாதத்துக்குத்தான் விலை. நாம் மட்டும் இசைக் கருவியைக் காதால் பார்க்காமல் அட்டையால் பார்க்கப் பழகிவிட்டோம்.

நான் செய்த தவறு

இருபது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. பக்கத்துக் கிராமத்தில் மைக்செட் வைத்திருந்த ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவி ஆம்பிளிபயரை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தேன். சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் பெட்டி இல்லை. கேட்டதற்கு, "அந்தப் பெட்டியில எங்க வீட்டுக்காரர் கோழி அடை வச்சாரு அண்ணாச்சி" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "பெட்டி இல்லைன்னா விலை போகாதும்மா" என்று 800 ரூபாய் குறைத்தேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அதே மாதத்தில் இன்னொருவரிடம் அதே ரக ஆம்பிளிபயர் எடுத்தேன். பெட்டி, தெர்மாகோல், பிளாஸ்டிக் உறை எல்லாம் புதுசு போல இருந்தன. பெட்டியைப் பார்த்த மயக்கத்தில் அவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். கொடை சீசனில் அதை வாங்கிப் போன மைக்செட் தம்பி முதல் ராத்திரியே திரும்பக் கொண்டுவந்துவிட்டார். திறந்து பார்த்தால் டிரான்ஸ்பார்மர் உள்ளூரில் சுற்றியது. பெட்டியில் ஒரு நம்பர், பொருளின் பின்பக்கம் வேறு நம்பர். சாமி கொடையில் வில்லுப்பாட்டு பாதியில் நின்றதற்கு அந்தத் தம்பி ஊராரிடம் கேட்ட பேச்சு எனக்குச் சேர வேண்டியது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டி இல்லாத நல்ல பொருளுக்கு விலையைக் குறைத்தேன். பெட்டியுள்ள கெட்ட பொருளுக்குக் கூட்டிக் கொடுத்தேன். இதற்கு வியாபாரம் என்று பெயரா? மறுவாரம் அந்தக் கிராமத்துக்குப் போய் 800 ரூபாயை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். "எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். கணக்கில் விட்டுப்போச்சு என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இன்று இந்த இதழில் எழுதித்தான் சொல்கிறேன்.

பில்லே முக்கியம்

பெட்டி யாருடைய பொருள் என்பதைச் சொல்லாது. திருடுகிறவன் பெட்டியோடு சேர்த்தும் திருடலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது, 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி குற்றம். ஆகவே நாம் கேட்க வேண்டியது பில். பில் தொலைந்திருந்தால் விற்பவரின் அடையாளச் சான்று, கையெழுத்து, பொருளின் மேல் உள்ள நம்பர் ஆகியவற்றைக் கொள்முதல் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதில் வரி லாபமும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. விதி 32(5)-இன்படி, பழைய பொருளை அப்படியே அல்லது சிறு செப்பனிட்டு விற்கும் பதிவு பெற்ற வியாபாரி, கொள்முதலில் உள்ளீட்டு வரி வரவு எடுக்காமல் இருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 6,000 ரூபாய்க்கு எடுத்து 7,500 ரூபாய்க்கு விற்றால் 1,500 ரூபாய்க்குத்தான் வரி. கொள்முதல் சீட்டு இல்லாதவர் இந்தக் கணக்கை எதைக் காட்டி நிரூபிப்பார்? பெட்டியையா காட்டுவார்?

விற்கும்போதும் அப்படியே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்குப் பில் கொடுக்காததை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதையும் அப்படியே சொல்கிறது. பெட்டி இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் குறையுள்ள பொருளைக் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்புவது நமக்கு அழகுமல்ல, பாதுகாப்புமல்ல.

காலிப் பெட்டி வியாபாரம்

நம்மில் சிலர் நல்ல நிலையில் உள்ள காலிப் பெட்டிகளைத் தனியாக விற்கிறோம். எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிடக் கூடக் கிடைக்கிறது. ஆனால் யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டோமா? போலிச் சரக்குக்கு அசல் பெட்டிதான் சட்டை. என்னை ஏமாற்றிய பெட்டியும் எங்கோ ஒரு கடையிலிருந்து போனதாகத்தானே இருக்க வேண்டும்? கடையில் சேரும் காலிப் பெட்டியை நம்பர் உள்ள பக்கத்தில் கத்தியால் கிழித்துத்தான் எடைக்குப் போட வேண்டும். பத்து ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.

என் முடிவு

அந்தத் தம்பிக்குச் சொல்ல நினைத்த பதில் இதுதான்.

புதிதாக வாங்குபவரிடம், கியாரண்டி காலம் முடியும் வரை பெட்டியையும் தெர்மாகோலையும் வைத்திருக்கச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றவும் வயரைத் தனிப் பையில் போடவும் சொல்லிக் கொடுங்கள். அதன்பின் இடம் இருந்தால் வைக்கட்டும். இல்லாவிட்டால் நம்பர் ஒட்டிய பக்கத்தை மட்டும் வெட்டிப் பில்லோடு வைத்துக்கொண்டு மீதியை எறியட்டும். ஊர் ஊராகத் தூக்கிப் போகிறவருக்கு அட்டைப் பெட்டி உதவாது. அவருக்கு நல்ல உறையோ மரப்பெட்டியோதான் தேவை.

பழையது எடுக்கும்போது, பொருளை அரைமணி நேரம் ஓடவிட்டுக் கேட்டு விலை பேசுங்கள். பெட்டி இருந்தால் கட்டுமானச் செலவு எவ்வளவு மிச்சமோ அவ்வளவு கூட்டிக் கொடுங்கள். பெட்டி இல்லை என்றால் அந்த அளவுக்கு மேல் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். கஷ்டத்தில் விற்க வருகிறவரிடம் அட்டையைக் காட்டி விலையை அடிப்பது கைப்பிடித் தவிட்டுக்குப் பேராசைப்பட்டு மூட்டை அரிசியை இழப்பதற்குச் சமம். அவர் மறந்தாலும் ஊர் மறக்காது.

பெட்டி வரும், போகும். கடையின் பெயர்தான் நிற்கும். இதில் மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் இதே பக்கத்தில் எழுதினால் மகிழ்வேன்.

கீழப்பாவூர் மொத்த வியாபாரி ஒருவர்