சித்திரையிற் சொல்லும் ஆரூடம்

சித்திரை பிறந்தால் நம்மவர் பஞ்சாங்கத்தை விரித்து ஆதாய விரயம் பார்ப்பர். ஏறத்தாழ அதே நாட்களில் அமெரிக்க நாட்டிலும் ஒரு பஞ்சாங்கம் விரிக்கப்படுகிறது. மார்ச் மாதக் கடைசியிலே பேஸ்போல் பருவம் தொடங்கும். பத்து ஆட்டங்கள் நிறைவேறுமுன்னரே, ஒக்டோபரில் நடைபெறும் முடிவாட்டங்களுக்குள் எவ்வணிகள் புகும், உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியை எவ்வணி வெல்லும் என்று பத்திரிகைகளிலும் வானொலியிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் வாதம் மூண்டுவிடும். இந்த வாதத்தைப் பல்லாண்டுகளாகத் தொலைவிலிருந்து கவனித்து வருபவன் நான். என் நண்பர் ஒருவரும் கவனித்து வருகிறார், ஆனால், நகைப்பதற்காக. “ஆறு மாத ஆட்டத்துக்கு ஆறு நாளிலே சாதகம் கணிப்பதா?” என்பது அவர் கேள்வி. அவர் கூற்றிற் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மறு பாதியை மறுப்பதற்காகவே இதனை எழுதப் புகுந்தேன்.

கிரிக்கெட்டிற் பழகிய நமக்கு இவ்விளையாட்டின் ஓர் இயல்பு முதலில் வியப்பளிக்கும். இரண்டு லீக்குகளாகப் பிரிந்த 30 அணிகளும் பருவமொன்றுக்குத் தலைக்கு 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. அவற்றுள் மிகச் சிறந்த அணியும் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். கடைத்தரமான அணியும் மூன்றில் ஒரு பங்கை வெல்லும் என்பது அவ்வூர்ப் பழம் பேச்சு. 2024ஆம் ஆண்டில் 121 ஆட்டங்களைத் தோற்ற சிக்காகோ வைற் சொக்ஸ் அணி அந்தப் பேச்சையும் பொய்யாக்கியது. எனினும் அதுவும் 41 ஆட்டங்களை வென்றே இருந்தது. தனியோர் ஆட்டத்திலே தகுதி தெரிவதில்லை. அது துளித் துளியாகக் கசிந்து வெளிப்படுவது. பருவம் இத்துணை நீண்டிருப்பதன் நியாயமும் அதுவே.

நண்பர் காட்டும் சான்றுகள் வலியன. 1987இல் மில்வோக்கி அணி முதல் 13 ஆட்டங்களையும் வரிசையாக வென்றது. முடிவில் தன் பிரிவிலே மூன்றாம் இடத்தில் நின்று வீடு திரும்பியது. 1998இல் நியூயோர்க் யாங்கீஸ் முதல் ஐந்தில் நான்கைத் தோற்றது. பின்னர் 114 வெற்றிகளோடு பருவத்தை முடித்து உலகத் தொடரையும் கைக்கொண்டது. 2019இல் வாஷிங்டன் அணி 50 ஆட்ட முடிவில் 19 வெற்றியும் 31 தோல்வியுமாகக் கிடந்தது. அவ்வாண்டின் உலகத் தொடர் வெற்றி அதற்கே உரியதாயிற்று. 2025இல் அதே மில்வோக்கி முதல் நான்கையும் தோற்றுத் தொடங்கியது, 30 அணிகளுள் அதிக வெற்றி பெற்றது அதுவே, எண்ணிக்கை 97.

இவற்றைக் கேட்டு நான் வாயடைத்துப் போவதில்லை. நண்பர் சொல்லாத கணக்கொன்றையும் அவருக்குத் துணையாக நானே எடுத்துக் கொடுப்பேன். எல்லா அணிகளும் ஒரே தரத்தன என்றும், ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டித் தீர்க்கப்படுவது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும், முதல் 20 ஆட்டங்கள் கழிந்த பின்னர், 30 அணிகளுள் சராசரியாக நான்கு அணிகள் 13 அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றிகளோடு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். வேறு நான்கு அணிகள் ஏழு வெற்றிகளுக்கு மேற் காணாது தலை குனிந்து நிற்கும். ஒன்றைப் புகழ்ந்தும் ஒன்றைப் பழித்தும் அன்று எழுதப்படும் கட்டுரைகளுக்குப் பொருள் வெறும் நாணயச் சுழற்சியே. நண்பர் கூற்றில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இது.

மறுபாதிக்கு வருவோம். ஏப்ரல் மாதத்து வெற்றி எதிர்காலத்தைச் சொல்லாதிருக்கலாம். ஆனால் அது வெற்றிதான். செப்டெம்பரிற் பெற்ற வெற்றியினும் அதன் எடை ஒரு குன்றிமணியும் குறைந்ததன்று.

1984ஆம் ஆண்டு டெற்றோயிற் அணியை இதற்கு எடுத்துக்காட்டுவேன். ஸ்பார்க்கி அண்டர்சன் பயிற்றுவித்த அவ்வணியிலே, பருவம் பிறந்த முதல் வாரத்தில், ஏப்ரல் 7ஆம் திகதி, சிக்காகோ நகரில் ஜாக் மொரிஸ் எதிரணிக்கு ஓர் அடிதானும் வாய்க்காதவாறு ஓர் ஆட்டம் முழுவதும் பந்தெறிந்தார். மே மாதம் 24ஆம் திகதி முடிவில் 40 ஆட்டங்களில் 35 வெற்றி, ஐந்தே தோல்வி! பிற ஊர்களில் ஆடிய 17 ஆட்டங்களையும் ஒன்றும் விடாது வென்றிருந்தது. அதற்குப் பின் அவர்கள் பெற்றது 69 வெற்றி, 53 தோல்வி. நல்ல ஆட்டம், ஆனால் நாடு கண்டு மருளும் ஆட்டமன்று. முதல் நாற்பதிலே சேர்த்து வைத்த செல்வத்தை எஞ்சிய நான்கு மாதமும் ஆறியமர்ந்து உண்டனர் எனலாம். மொத்தம் 104 வெற்றி. இரண்டாம் இடத்து ரொறன்ரோ 15 ஆட்டம் பின்னே. ஒக்டோபரில் சான் டியேகோவை வென்று உலகத் தொடர்.

அந்தச் சித்திரையில் டெற்றோயிற்றை நம்பியவன் வெறும் கணக்கேட்டைப் பார்த்து மயங்கியவன் அல்லன். வெற்றி தோல்வியை விட்டு, எடுத்த ஓட்டத்தையும் கொடுத்த ஓட்டத்தையும் பார்க்க வேண்டும் என்பது பில் ஜேம்ஸ் என்பவர் கற்பித்த வழி. கன்சாஸ் மாநிலத்திலே உணவு தகரத்தில் அடைக்கும் ஆலையொன்றில் இரவுக் காவல் புரிந்துகொண்டே, 1977இல் தம் ஆராய்ச்சியைத் தாமே அச்சிட்டு வெளியிட்டவர் அவர். எடுத்த ஓட்டத்தின் வர்க்கத்தை, எடுத்தது கொடுத்தது ஆகிய இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வந்த தொகையாற் பிரித்தால், ஓரணி வெல்லத்தக்க விகிதம் கிடைக்கும் என்றார். 1984இல் டெற்றோயிற் எடுத்த ஓட்டம் 829, கொடுத்தது 643. கணக்கின்படி 101 வெற்றி வரவேண்டும், வந்தது 104. காவற்காரர் ஒருவர் கண்ட இச்சூத்திரம் எத்தனையோ சோதிடங்களினும் மேலானது என்பேன். எனவே ஏப்ரலில் ஆரூடம் சொல்வது மூடத்தனமன்று. சொல்லும் முறை ஒன்று உண்டு.

நிற்க. என் உண்மையான குறை ஏப்ரலைப் பற்றியதன்று, ஒக்டோபரைப் பற்றியது.

1968 வரை, லீக்குக்கு ஒன்றாக இரண்டே அணிகள் உலகத் தொடரிற் சந்தித்தன. அதற்கு முன் வாயில் எதுவும் இல்லை. நீண்ட பருவமே வாயில். 1969இல் அது நான்காயிற்று; 1995இல் எட்டு; 2012இல் பத்து; 2022 முதல் பன்னிரண்டு. அந்தச் சிறு சுற்றுக்கள் மூன்றாட்டம், ஐந்தாட்டம் என்று முடிபவை. 162 ஆட்டங்களில் துளித் துளியாக வெளிப்பட்ட தகுதியை இரண்டு மாலைப் பொழுதுகள் துடைத்துவிடுகின்றன. 2023இல் முதல் 13 ஆட்டங்களையும் வென்று, 99 வெற்றிகளோடு ஒக்டோபர் சென்ற தாம்பா பே அணி, டெக்சாஸ் அணியிடம் இரண்டு நாளில் ஒரே ஓர் ஓட்டம் எடுத்து வெளியேறியது. அதே ஆண்டு 100 வெற்றிகளை எட்டிய அணிகள் மூன்று: அற்லாந்தா, பால்ற்றிமோர், லொஸ் ஏஞ்சல்ஸ். மூன்றும் சேர்ந்து ஒக்டோபரில் வென்றது ஒரே ஆட்டம்! 84 ஆட்டங்களை வென்ற அரிசோனா உலகத் தொடர் வரை சென்றது. அரிசோனா வீரரை நான் குறை கூறவில்லை. திறந்திருந்த கதவால் அவர்கள் நுழைந்தார்கள். ஆனால் அந்த 84ஐயும் அற்லாந்தாவின் 104ஐயும் ஒரே தராசில் வைத்த பின்னர், ஏப்ரலிற் பெற்ற வெற்றிக்கு யார் விலை கேட்பார்?

இங்கே மீண்டும் டெற்றோயிற் வருகிறது. இம்முறை நண்பர் பக்கத்துச் சாட்சியாக. 2024 ஓகஸ்ட் மாதத்திலே அவ்வணியை எவரும் பொருட்படுத்தவில்லை. தன் சிறந்த பந்தெறிவீரர் ஒருவரையும் அது பிற அணிக்குக் கைமாற்றி விட்டிருந்தது. பின்னர் வென்று வென்று, 86 வெற்றிகளோடு கடைசிக் கதவாற் புகுந்து, ஹூஸ்ரனையும் வீழ்த்தியது. பத்தாண்டுகளின் பின் அந்நகரம் கண்ட முதல் ஒக்டோபர் அது. “பன்னிரண்டு இடம் இல்லாதிருந்தால் அந்தத் தொழிலாளர் நகரம் ஓகஸ்டிலேயே மைதானத்தை மறந்திருக்குமே?” என்று நண்பர் கேட்கிறார். நெஞ்சைத் தொடும் கேள்விதான். அதற்கு என்னிடம் முழு விடை இல்லை.

ஆயின் அடுத்த ஆண்டை நண்பர் பேசுவதில்லை. 2025 ஜூலை முற்பகுதியில் டெற்றோயிற், கிளீவ்லாந்து அணிக்கு 15½ ஆட்டம் முன்னே நின்றது. அந்த முன்னிலை முழுவதையும் கரைத்து, பிரிவின் முதலிடத்தைக் கிளீவ்லாந்து பறித்துக்கொண்டது. அத்துணைப் பெரிய இடைவெளியைக் கடந்து எவ்வணியும் முதலிடம் பெற்றதில்லை. பழைய முறையில் அது காவியமாகியிருக்கும்: ஒருவர் ஏற்றம், ஒருவர் வீழ்ச்சி. நடந்தது என்ன? வீழ்ந்த டெற்றோயிற் வேறொரு கதவால் உள்ளே வந்தது. மூன்றாட்டச் சுற்றிற் கிளீவ்லாந்தையே எதிர்கொண்டு, இரண்டுக்கு ஒன்றாக வென்று அனுப்பிவைத்தது. மூன்று மாதம் மூச்சைப் பிடித்து ஏறியவன் மூன்று நாளில் இறக்கப்பட்டான். இதனை விறுவிறுப்பு என்று கொண்டாடுவோர் கொண்டாடட்டும். கிளீவ்லாந்து அணிக்கு நியாயம் கிடைத்ததாக நான் ஒப்பமாட்டேன்.

பருவந்தோறும் நானும் நண்பரும் எங்கள் ஆரூடங்களைத் தாளில் எழுதி மாற்றிக்கொள்வதுண்டு. என் தாளில் இரண்டு பத்திகள் இருக்கும். அதிக ஆட்டங்களை வெல்லப்போவது எவ்வணி என்பதற்கு ஒன்று. ஓட்டக் கணக்கையும் பந்தெறிவீரர் பலத்தையும் பார்த்து, ஓரிரவு முழுவதும் விழித்திருந்து அதனை நிரப்புவேன். உலகத் தொடருக்கு மற்றையது. அதற்குப் பன்னிரண்டு பெயர்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி, கண்ணை மூடி ஒன்றை எடுப்பேன். அது கள்ள ஆட்டம் என்கிறார் நண்பர்.