ஓணம் கழிந்த பிறகுள்ள தோட்டம்

ஓணம் நெருங்குகின்ற நாட்களில் காரக்கோணம், குன்னத்துக்கால், தனுவச்சபுரம் முதலிய எல்லைக் கிராமங்களில் வீட்டுத் தோட்டத்தின்மேல் ஜனங்களுக்கு உண்டாகும் அபிமானம் அளவிறந்தது. ‘ஓணத்துக்கு ஒரு முறம் பச்சக்கறி’ என்ற பெயரால் கேரள விவசாய இலாகா நடத்தும் இயக்கத்தையொட்டி விதைப் பொட்டலங்கள் வீடுகளுக்கு வருகின்றன; வெண்டையும் பயறும் முற்றத்துப் பைகளில் தலை நீட்டுகின்றன; திருவோணம் கழிந்த மாத்திரத்தில் அந்தப் பைகள் மதிலோரம் ஒதுக்கப்பட்டு, மறுவருஷம் இடவப்பாதி வரையில் அங்கேயே கிடக்கின்றன. இயக்கத்தின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. பருவத்தின் விஷயத்தில்தான் ஆட்சேபம்.

இந்தப் பிரதேசத்தில் காய்கறிக்கு உகந்த காலம் கன்னி, துலாம் மாதங்களில் தொடங்கி மீனம் வரையில் நீடிக்கிறது. அதாவது, நாம் பையை மூலையில் வைக்கிற சமயத்தில்தான் மண் நம்மை அழைக்கத் தொடங்குகிறது. இடவப்பாதி மழையில் விதைத்த செங்கீரையின் இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்து, கறிக்கு ஆகாமற் போவதை இங்குள்ள எந்தப் பெண்மணியும் அறிவாள். அதே கீரை மகரத்திலும் கும்பத்திலும், தினம் இருவேளை நீர் ஊற்றினால், நோயென்பதே இல்லாமல் தளதளவென்று நிற்கும். மழைக்காலத்திலும் கீரை வேண்டுமென்போர் கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகம் தந்த கோ 1 என்னும் பச்சைக்கீரையை விதைக்கலாம். அது அந்நோயைத் தாங்கும்.

ஓணத்துக்கே வேண்டிய ஏத்தங்குலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏத்தன் வாழை குலைவிட்டு முற்றப் பத்துப் பதினோரு மாதம் ஆகுமாதலால், வருகிற ஓணத்துக்கான கன்றைச் சென்ற ஓணத்தின் இலையை எடுத்த கையோடு கன்னி மாதத்திலேயே நட்டாக வேண்டும். இந்தக் கணக்கை மறந்தவர்கள்தாம் உத்திராடத்தன்று சந்தையில் நின்று, கடைக்காரர் சொன்ன விலைக்குக் குலை வாங்குகிறார்கள்.

சேனையின் சமாசாரம் இன்னும் ரசமானது. கும்பத்தில் நட்டால் குடமளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்று மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற நம் பாட்டிமார் சொல்வார்கள். நிலம் வெடித்துக் கிடக்கிற அந்தக் கும்ப மாதத்தில், ஏறக்குறைய ஒரு முழ ஆழத்தில் குழி எடுத்து, அடியில் மக்கிய சாணமும் மேல்மண்ணும் கலந்து போட்டு, முளைக்கண்ணின் ஒரு பகுதியாவது ஒவ்வொரு துண்டிலும் இருக்கும்படி அறுத்து, சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்திய ஒரு கிலோ அளவுத் துண்டை அதில் வைத்து, மண் மூடி, அதன்மேல் பலாச் சருகும் மாஞ்சருகும் கனமாகப் பரப்பிவிட்டால் தீர்ந்தது. நீர்கூட ஊற்ற வேண்டாம். கோடை மழை விழுந்ததும் தண்டு சருகைப் பிளந்துகொண்டு வரும்; தனுமாதத் திருவாதிரைப் புழுக்குக்குக் கிழங்கு கிடைக்கும். இந்தச் சருகைத்தான் இன்று பலர் கூட்டிக் குவித்துத் தீயிடுகிறார்கள்! வெட்டுக்கல் சரிவுகளில் இரண்டு மழைகளும் மேல்மண்ணை அரித்துப் போகாமல் தடுக்கும் உபாயம் சருகும், தென்னந்தடத்தில் புதைக்கிற கதம்பையுமேயன்றி வேறில்லை. மழை கரைத்துக் கரைத்துப் புளித்துப்போன இந்த மண்ணுக்குப் புதுமழையோடு கொஞ்சம் நீற்றுச் சுண்ணாம்பும் அவசியம்.

மரச்சீனியைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) அதன் சாகுபடியைப் பரப்புவதில் காட்டிய சிரத்தையும், 1942இல் ஜப்பானியர் வசம் பர்மா விழுந்து அரிசிக் கப்பல்கள் நின்றபோது திருவிதாங்கூர்க் குடும்பங்களின் பசியை அந்தக் கிழங்கு ஆற்றியதும் பழங்கதைகளாயினும் மறக்கத் தக்கவையல்ல. அன்று விளையில்லாத வீடு அபூர்வம். தெங்கும் பலாவும் மேலே, கமுகில் ஏறிய நல்லமிளகு நடுவே, வாழையும் சேம்பும் காச்சிலும் கீழே என்று அடுக்கடுக்காக நின்ற அந்த விளை, ஏதேனும் ஒன்றை எல்லா மாதத்திலும் அடுக்களைக்கு அனுப்பிற்று. ஜாவாத் தீவின் வீட்டுத் தோட்டங்களும் இதே அமைப்பு உடையவை. பிற்பாடு ரப்பர் வந்து மேலடுக்கைத் தனதாக்கிக்கொண்டது. ரப்பரையாவது வயிற்றுப்பாட்டின் பெயரால் மன்னிக்கலாம். முற்றம் முழுவதும் இன்டர்லாக் கல் பாவி, கிணற்றுக்குப் போக வேண்டிய நீரைச் சாலைக்கு விரட்டிவிட்டு, மீதி மூலையில் நான்கு பைகளை வைத்து அதற்குத் தோட்டமென்று பெயரிடுவதை எந்தக் காரணங்கொண்டு மன்னிப்பது?

ஆகையால் விதை கொடுக்கிற விவசாய இலாகாவின் கிருஷிபவன்காரர்களிடம் என் விண்ணப்பம் இதுதான்: மழைக்கு முன் கொடுக்கிற பொட்டலத்தில் பச்சைக்கீரை விதை இருக்கட்டும், வெண்டையும் பயறும் செங்கீரையும் ஓணம் கழிந்து ஒருமுறை மீண்டும் வரட்டும், கன்னியில் ஏத்தன் கன்றும் கும்பத்தில் சேனை விதையும் எல்லா வார்டுக்கும் கிடைக்கட்டும். விளம்பரப் பலகைகளை மட்டும் ஓணத்தோடு கழற்றிவிடலாம்.