மழையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் யாருக்கு லாபம்?

கேரளத்து மூணாறுப் பக்கம் மண்சரிவில் புதைந்த பெட்டிமுடி தேயிலைத் தோட்டக் குடியிருப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், ஒரு வாதம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும். 2020 ஆகஸ்ட் 6 அன்று ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதாம்; அப்படிப்பட்ட மழைக்கு முன்னால் அரசோ தோட்டக் கம்பெனியோ என்ன செய்திருக்க முடியும்; இறந்த 70 பேருக்காக அழுவோம், குற்றம் சொல்ல ஆள் தேடாதீர்கள் என்பது அதன் சாரம். கேட்கப் பக்குவமான பேச்சு மாதிரிதான் இருக்கிறது. கையைக் கழுவுகிற சத்தமும் கூடவே கேட்கிறது.

மழை அளவை நான் மறுக்கவில்லை. இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 65 சென்டிமீட்டர்தான். ஏறக்குறைய அவ்வளவும் ஒரே நாளில் இறங்கியது. சரி. ஆனால் மழை மலை முழுக்கப் பெய்தபோது, சாவு மட்டும் லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைத் தேடிப் போனது எப்படி? மேலே சரிந்த மண்ணும் பாறையும் ஓடையின் தடத்தைப் பிடித்துக் கீழே வந்தன. அவை எப்போதும் அப்படித்தான் வரும். அந்தத் தடத்தின் ஓரத்தில் வரிசை வீடு கட்டிக் குடும்பங்களைக் குடிவைத்தது மழையா? துரை பங்களா எந்த மேட்டில் இருக்கும், லயம் எந்தப் பள்ளத்தில் இருக்கும் என்பது தேயிலைத் தோட்டங்களுக்குள் ஒருமுறை போய் வந்தவர்களுக்கே தெரியும்.

'யாரும் எதிர்பார்க்கவில்லை' என்கிறார்கள். 1924 ஜூலையில் இதே மூணாறு வெள்ளத்தில் சின்னாபின்னமானது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டு, பிறகு போடப்படவே இல்லை. அதை நூற்றாண்டுப் பழைய கதை என்று தள்ளினால், 2018 நேற்று நடந்ததுதானே? அந்த ஆகஸ்டில் முதல் 19 நாளில் கேரளத்தில் பெய்தது வழக்கத்தைவிட 164 சதவீதம் அதிகம். இடுக்கி அணையை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்கள். பாலக்காட்டுப் பக்கம் நென்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏறும் ஒரே சாலை அறுந்து, தோட்டத் தொழிலாளர்கள் மலைமேல் சிக்கிக் கிடந்தார்கள். மூணாறுப் பக்கம் பெரியவரைப் பாலமும் அந்த வெள்ளத்தில்தான் போனது. இரண்டு வருஷம் கழித்து, 2020இல் அங்கே இருந்தது ஒரு தற்காலிகப் பாலம். அதையும் ஆறு கொண்டுபோனது. பெட்டிமுடிக்கு மீட்புப் படை போகவேண்டிய வழி அது. மண் சரிந்தது இரவு பதினொரு மணிவாக்கில்; மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் சேதி வெளியே வந்தது மறுநாள் காலையில். பாலம் கட்டாமல் விட்டதும், தொடர்பு வசதி இல்லாமல் ஒரு குடியிருப்பை விட்டுவைத்ததும் எந்த மேகத்தின் வேலை?

மழைக் கணக்கைக் கேடயமாகப் பிடிப்பது மலையோடு நிற்கும் பழக்கமும் இல்லை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தபோது சென்னையிலும் இதே பாட்டுத்தான். கடைசியில் தணிக்கை அதிகாரியின் அறிக்கை அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது.

இதைவிடக் கேவலமான துணை வாதம் ஒன்று உண்டு: 'சொன்னாலும் அந்த ஜனங்கள் இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.' எங்கே நகர்வது? வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை கூரை; ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் பேரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. இலங்கையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு அபாயம் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்தபோது தமிழ்த் தொழிலாளர்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். போக மாற்று இடம் தராமல் 'போ' என்று சொல்வதற்குப் பெயர் எச்சரிக்கையாம். பிற்பாடு கோப்பில் காட்ட அது உதவும்.

'சாவில் அரசியல் செய்யாதீர்கள்' என்பது கடைசி அஸ்திரம். பெட்டிமுடிக்கு மறுநாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு 5 லட்சம். இது முதற்கட்ட உதவிதான் என்று பின்னால் விளக்கம் வந்தது. விமானப் பயணிகளுக்குக் கூடுதலாகக் கொடுத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் பாதித் தொகையை நிர்ணயித்ததும் இயற்கைச் சீற்றம்தானா? குட்டியாறு பள்ளத்தாக்கில் பெட்டிமுடியில் பாதிக்கப்பட்ட எட்டுக் குடும்பங்களுக்குப் பின்னர் வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஆக, பாதுகாப்பான இடமும் இருந்தது, கட்டுவதற்குப் பணமும் இருந்தது. இரண்டையும் ஆகஸ்ட் 6க்கு முன்னால் கண்டுபிடிக்க முடியாமல் போனது ஏன் என்று, மழைமானியைக் காட்டிப் பேசுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.