டெங்குவின் இரு நாள்காட்டிகள்

ஐப்பசி அடைமழை தொடங்கிய சில வாரங்களில் எங்கள் காய்ச்சல் பிரிவில் வரிசை நீளத் தொடங்கும். நோயாளியை அழைத்து வரும் குடும்பத்தினர் முதலில் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே: "பிளேட்லெட் எவ்வளவு இருக்கிறது, டாக்டர்?" கேட்பதில் தவறில்லை. ஆயினும், டெங்குவைப் பொறுத்தவரை அந்த ஓர் எண்ணைக் காட்டிலும் காலமே முக்கியமானது என்பது எங்கள் கருத்து. இந்நோய்க்கு ஆண்டின் நாள்காட்டி ஒன்று உண்டு. நோயாளியின் உடலுக்குள் ஓடும் நாள்காட்டி மற்றொன்று. இரண்டையும் குடும்பத்தினர் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, மழையைப் பின்தொடர்வது. தென்மேற்குப் பருவமழை பெறும் கேரளத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் டெங்கு உச்சமடைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருகுகிறது. இரு பருவமழைகளும் பெறும் இலங்கையிலோ ஆண்டுக்கு இருமுறை உயர்கிறது. மழை பெய்த மறுநாளே நோய் வருவதில்லை. ஏடிஸ் கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரத்திற்கு மேல் ஆகலாம். கொசுவின் உடலில் வைரஸ் பெருக ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் தோன்ற 4 முதல் 10 நாட்கள். ஆகவே, மழை ஓய்ந்து "இனிப் பயமில்லை" என்று நாம் எண்ணும் வாரங்களில்தான் படுக்கைகள் நிரம்புகின்றன.

எனினும், டெங்குவை மழைக்கால நோய் என்று மட்டும் கூறுவது பாதி உண்மையே. 2012ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்தில் பருவமழைக்கு வெகு முன்பே, கோடையிலேயே இந்நோய் பரவியது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் டிரம்களும் குடங்களும் நிரம்பியிருக்கும். சேமிப்பது மக்களின் குற்றமன்று. தவறாமல் தண்ணீர் வழங்குவதும் டெங்கு ஒழிப்பின் ஒரு பகுதியே என்பதை நாங்கள் வலியுறுத்துகிறோம். அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இக்கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது; வாரம் ஒருமுறை உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவி, இறுக மூடி வைக்க வேண்டும். புகை மருந்து பறக்கும் கொசுக்களைக் கொல்லும். முட்டைகளை ஒன்றும் செய்யாது. இப்பணியை ஆவணியிலேயே தொடங்குவது நலம்.

இரண்டாவது நாள்காட்டி இன்னும் அவசரமானது. சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மாதத்தில் ஒரு கல்லூரி மாணவி காய்ச்சலுடன் எங்களிடம் வந்தார். மூன்றாம் நாள் பரிசோதித்து, மறுநாளும் வருமாறு சீட்டில் எழ்தி அனுப்பினோம். நான்காம் நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் அனைவரும் நிம்மதியடைந்தனர். அன்று மாலை வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கின. இரவில் கைகால்கள் சில்லிட்ட நிலையில் தூக்கி வந்தனர். நான்கு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து அவர் பிழைத்தார். "காய்ச்சல் விட்டுருச்சுன்னுதானே டாக்டர் நாங்க சும்மா இருந்தோம்" என்றார் தாய். அத்தாயின் மீது பிழையில்லை. மறுநாள் வரச் சொன்ன நாங்கள், ஏன் வர வேண்டும் என்று சொல்லவில்லை. பிழை எங்களுடையது.

டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் தணியும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண்காணிப்புக்குரியது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கிலிருந்து இரத்தம், சிறுநீர் குறைதல், அமைதியின்மை அல்லது அளவு மீறிய சோர்வு, குளிர்ந்த கைகால்கள் — இவற்றுள் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவாயினும், உடனே வந்துவிடுங்கள். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளமையால் ஒருவருக்கு மீண்டும் வரலாம். இரண்டாம் முறை கடுமையாகும் வாய்ப்பும் அதிகம். முன்பு வந்திருந்தால் அதை மறவாமல் கூறுங்கள்.

தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்ற ஒரே காரணத்திற்காக, இரத்தக்கசிவு இல்லாதவருக்கு அவற்றை ஏற்றுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. உயிர் காப்பது உரிய நேரத்தில், உரிய அளவில் கொடுக்கப்படும் நீர்மமே. வீட்டில் கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை இரத்தக்கசிவைத் தூண்டக்கூடும். நிலவேம்புக் குடிநீர் அருந்துவோர் உண்டு. அதை நம்பி மருத்துவமனைக்கு வருவதைத் தள்ளிப்போடலாகாது.

நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. 2012இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியாகி, 66 பேர் உயிரிழந்தனர். 2024இல் 27,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டறியப்பட்டும் உயிரிழப்பு 13 ஆகக் குறைந்தது. இப்போது பரிசோதனை பரவலாகியிருப்பதால் இரு ஆண்டுகளையும் அப்படியே ஒப்பிட இயலாது. ஆயினும், விரைந்து கண்டறிந்து கவனித்தால் பிழைக்க வைக்கலாம் என்பதில் ஐயமில்லை.

அடுத்த முறை காய்ச்சலுடன் வீட்டில் ஒருவர் படுத்தால், தொடங்கிய தேதியைச் சுவரிலுள்ள நாள்காட்டியில் குறித்து வையுங்கள். காய்ச்சல் விட்ட தேதியையும் குறியுங்கள். எங்களிடம் வரும்போது முதலில் அவ்விரு தேதிகளையும் சொல்லுங்கள். எந்த அறிகுறிக்காக, ஏன் திரும்பி வர வேண்டும் என்பதை வாய்விட்டு விளக்காமல் இனி உங்களை வீட்டுக்கு அனுப்பமாட்டோம். நாங்கள் மறந்தால், தயங்காமல் கேளுங்கள்.