நகரத்துக்கு வைத்தியம் செய்தவர்

அரசாங்க உத்தியோகத்தர் என்றதும், கோப்புகளுக்கிடையே தலை நரைக்கும் ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுகிறார். பெருங்கனவு கண்ட உத்தியோகத்தரும் உலகில் இருந்ததுண்டு. யப்பானியராகிய கோத்தோ சிம்பெய் அத்தகையவர். இவ்வாரம் அவர் வரலாற்றை நோக்குவோம்.

1857ஆம் ஆண்டு வட யப்பானிலுள்ள மிசுசாவா என்னும் ஊரிற் பிறந்த கோத்தோ, முதலில் வைத்தியராகவே வாழ்வைத் தொடங்கினார். இருபத்து நான்கு வயதிலேயே ஒரு வைத்தியசாலைக்குத் தலைவரானார். ஆயினும், வந்த நோயைத் தீர்ப்பதினும் வரும் வழியை அடைப்பதே மேல் என்னும் எண்ணம் அவரை 1883இல் உள்நாட்டு அமைச்சின் சுகாதாரப் பகுதிக்கு ஈர்த்தது. பின்னர் ஜெர்மனி சென்றும் கற்றார். 1895இல் சீனப் போர் முடிந்து படைகள் திரும்பியபோது, வாந்திபேதியும் உடன்வரும் அபாயம் இருந்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரரைத் தீவுகளில் இறக்கிச் சோதித்து, உடைகளைக் கொதிநீராவியால் தூய்மையாக்கிய பின்னரே ஊருக்கு அனுப்பும் பெரும்பணியை அவர் நடத்தினார்.

1898 முதல் 1906 வரை, யப்பான் கைப்பற்றியிருந்த தைவானின் குடியியல் நிருவாகம் அவர் கையில் இருந்தது. ஒரு மீனின் கண்ணை வேறு மீனுக்குப் பொருத்த இயலாது என்பது அவர் கொள்கை. ஆகவே மக்களின் வழக்கங்களை ஆராய்ந்த பின்னரே சட்டம் செய்ய முனைந்தார். ஆயினும், அந்நிய ஆட்சியை எதிர்த்த ஆயிரக்கணக்கானோர் அக்காலத்திற் கொல்லப்பட்டனர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. ஆராய்ச்சி அறிவு அடிமைப்பட்டவனுக்கு விடுதலை தந்துவிடுவதில்லை.

தென் மஞ்சூரிய ரயில்வேயின் முதல் தலைவர், அமைச்சர் எனப் பல பதவிகளை வகித்தபின், 1920இல் அவர் தோக்கியோவின் மேயரானார். மறு ஆண்டிலேயே 80 கோடி யென் செலவில் நகரைத் திருத்தும் திட்டமொன்றை முன்வைத்தார். பெரும்பேச்சுப் பேசுபவனை, பொதி கட்டும் பெருந்துணியை விரிப்பவன் என்பது யப்பானியர் வழக்கு. அப்பெயரையே மக்கள் அவருக்குச் சூட்டி நகைத்தனர்.

1923 செப்டெம்பர் 1ஆம் நாள் நண்பகலில் நிலம் நடுங்கியது. தொடர்ந்து மூண்ட தீயிலும் சிக்கி ஓரிலட்சம் பேருக்கு மேல் மாண்டனர். மறுநாள் உள்நாட்டு அமைச்சர் பதவியை ஏற்ற கோத்தோ, பழைய சந்துகளைப் புதுப்பிக்க எண்ணவில்லை. புதிய தலைநகரையே வரைந்தார். நிலவுடைமையாளர் எதிர்த்தனர், அரசியலாளர் செலவைக் காட்டி மறுத்தனர். பல நூறு கோடி யென்னாக எண்ணப்பட்ட திட்டம், ஐம்பது கோடிக்கும் குறைவாகச் சுருங்கியது. நான்கு மாதங்களில் அமைச்சரவையும் வீழ்ந்தது.

எனினும், எஞ்சியதே பெரிதாயிற்று. அகன்ற வீதிகளும், சுமிதா ஆற்றின்மேல் உறுதியான பாலங்களும், பாடசாலைகளை அடுத்து 52 சிறு பூங்காக்களும் எழுந்தன. அப்பூங்காக்கள் சிறுவர் விளையாடவும், தீ மூண்டால் மக்கள் ஒதுங்கவும் அமைக்கப்பட்டவை. 1930இல் நகர் புனரமைப்பு விழாக் கொண்டாடியது. அதைக் காண அவர் இல்லை; 1929 ஏப்பிரலில் மறைந்துவிட்டார்.

பெருந்திட்டம் தீட்டுபவனை நகைப்பது எளிது. ஆனால், ஆபத்து வந்தபின் வரைபடம் தேடுவோர்க்கு நேரம் கிடைப்பதில்லை. இதை நம் மாணவர் மனங்கொள்வாராக. அதனோடு, ஒருவரின் திறமையைப் போற்றும்போது, அத்திறமை யாருக்குத் துணைபோயிற்று என்று வினவவும் பழகுவோமாக.